பிணைத்தொகை கொடுப்பதா, பேக்கப்பிலிருந்து மீள்வதா?

விடியற்காலை ஐந்தரைக்குப் போன் வந்தது. கொங்கு வட்டாரத்தில் நூல் வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி. "தம்பி, டேலி திறக்கமாட்டேங்குது. எல்லா ஃபைலுக்கும் பேரு மாறிக் கெடக்குது. நோட்பேடுல இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்குது." படிக்கச் சொன்னேன். ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், திறக்கப் பிட்காயினில் பணம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ரேன்சம்வேர் என்று சொல்லப்படும் தாக்குதல். "பேக்கப் இருக்குதுங்களாண்ணா?" என்றேன். "அதெல்லாம் இருக்குது தம்பி, ஹார்டு டிஸ்க் சர்வர்லயேதான் மாட்டியிருக்குது." அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சர்வரோடு மாட்டிக் கிடந்த அந்த டிஸ்க்கும் பூட்டப்பட்டிருந்தது. அடுத்து அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி: "கேக்கறதக் குடுத்துப்போட்டு முடிச்சுக்கலாமா?"

இதே கேள்வி அமெரிக்காவின் பெரிய எரிபொருள் குழாய் நிறுவனத்துக்கும், நார்வேயின் அலுமினிய நிறுவனத்துக்கும், அயர்லாந்தின் அரசு மருத்துவமனைகளுக்கும், லண்டனில் ஒரு தேசிய நூலகத்துக்கும் வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை சொன்னார்கள். அதன்பின் என்ன ஆயிற்று என்பது விசாரணை அறிக்கைகளிலும் நாடாளுமன்ற சாட்சியங்களிலும் பதிவாகியிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் முன் இருக்கும் வழிகள் நான்கு. கேட்டதைக் கொடுப்பது, மறுத்துவிட்டுத் தானே மீண்டும் கட்டியெழுப்புவது, காப்பீட்டை நம்புவது, கதவை முன்கூட்டியே அடைப்பதில் பணத்தைப் போடுவது. இவற்றை அந்தப் பதிவுகளை வைத்தே எடைபோட்டுப் பார்க்கலாம்.

தாக்குதலே மாறிவிட்டது

2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பலருக்கு நினைவிருக்கும். கண்ணில் பட்ட கணினியையெல்லாம் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளிவந்திருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள்.

இப்போது நடப்பது அப்படிக் கண்மூடித்தனமான பரவல் இல்லை. மென்பொருளை எழுதுபவர் ஒருவர், உள்ளே நுழைபவர் இன்னொருவர், வந்த பணத்தில் இருவருக்கும் பங்கு என்று இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. நுழைந்தவர் உடனே எதையும் பூட்டுவதில்லை. நாள் கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், உள்ளே உலாவுகிறார். நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தேடுகிறார். பேக்கப் எங்கே இருக்கிறது என்று பார்த்து முதலில் அதைத்தான் அழிக்கிறார். வெள்ளிக்கிழமை இரவோ தொடர் விடுமுறையோ வரும்வரை காத்திருந்து பிறகு பூட்டுகிறார்.

2019 இறுதியில் மேஸ் என்ற கும்பல் இன்னொரு பழக்கத்தைத் தொடங்கி வைத்தது. பூட்டுவதற்கு முன் தரவை நகலெடுத்துக்கொண்டு, பணம் வராவிட்டால் வெளியிடுவோம் என்று மிரட்டுவது. இன்று இது ஊரறிந்த முறை. 2023இல் மூவ்-இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் ஓட்டை வழியாக க்ளாப் கும்பல் 2,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் தரவை அள்ளியபோது எதையும் பூட்டவே இல்லை. திருட்டை வைத்தே மிரட்டினார்கள்.

ஆகவே பிணைத்தொகை என்று கேட்கும்போது அவர்கள் இரண்டு சரக்கை விற்கிறார்கள். ஒன்று, பூட்டைத் திறக்கும் சாவி. மற்றொன்று, திருடியதை வெளியிடமாட்டோம் என்ற வாக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் தவறான முடிவுக்குப் போகிறார்கள். தனித்தனியாகவே பார்ப்போம்.

சாவிக்குப் பணம்

2021 மே 7 அன்று கலோனியல் பைப்லைன் தாக்கப்பட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குத் தேவையான எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதம் அந்தக் குழாய் வழியாகப் போகிறது. நிர்வாகம் உடனே குழாயை நிறுத்தியது. அடுத்த நாளே 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், டார்க்சைடு கும்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. சாவியும் வந்தது. ஆனால் அது இயங்கிய வேகம் அவ்வளவு மோசமாக இருந்ததால், நிறுவனம் தன் பேக்கப்புகளைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. குழாய் மீண்டும் ஓடத் தொடங்கியது மே 12இல். அதற்குள் பல மாநிலங்களில் பெட்ரோல் பங்க்குகளில் எரிபொருள் தீர்ந்துபோயிருந்தது. கொடுத்த பிட்காயினில் 63.7ஐ அமெரிக்க நீதித்துறை ஜூன் மாதம் கைப்பற்றியது. இப்படிப் பணம் திரும்பக் கிடைப்பது அபூர்வம், அதை எண்ணி யாரும் முடிவெடுக்கக் கூடாது.

சாவியின் உண்மையான மதிப்பு என்ன என்று காட்டும் சம்பவம் அயர்லாந்தில் நடந்தது. 2021 மே 14 அன்று அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையை கான்டி கும்பல் பூட்டியது. பணம் தரமாட்டோம் என்று அரசு அறிவித்தது. ஆறு நாள் கழித்து, மே 20 அன்று, கும்பல் சாவியை இலவசமாகவே கொடுத்துவிட்டது. ஒரு காசு செலவில்லாமல் சாவி கைக்கு வந்தபிறகும் எல்லா சர்வர்களையும் திறந்து முடித்தது செப்டம்பர் 21 அன்றுதான் என்று பின்னர் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. நான்கு மாதம்! அந்த நான்கு மாதத்தில் எத்தனை ஸ்கேன் தள்ளிப்போயிருக்கும், எத்தனை பேர் புற்றுநோய் சிகிச்சைக்குக் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

ஏன் அவ்வளவு காலம்? சாவி ஃபைலைத்தான் திறக்கும். திருடன் உள்ளே விட்டுச் சென்ற கள்ளக் கதவுகளை அது மூடாது. ஒவ்வொரு கணினியையும் துடைத்து, சோதித்து, புதிதாக நிறுவித்தான் வலையமைப்பில் சேர்க்க முடியும். பணம் கொடுத்தவரும் கொடுக்காதவரும் இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். "குடுத்துப்போட்டு முடிச்சுக்கலாம்" என்று அந்த முதலாளி நினைத்த 'முடிவு' பணம் கொடுப்பவருக்கும் கிடைப்பதில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா, பணம் கேட்கும் வேடத்தில் வந்த அழிப்பு ஆயுதம். எவ்வளவு கட்டினாலும் அதற்குச் சாவி கிடையாது. முதல் ஒரு மணி நேரத்தில் திரையைப் பார்த்து இது எந்த ரகம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வாக்குக்குப் பணம்

இரண்டாவது சரக்கைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அதை வாங்கவே கூடாது.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் தாக்கப்பட்டபோது நாடு முழுக்க மருந்துக்கடைகளிலும் மருத்துவமனைகளிலும் காப்பீட்டுக் கணக்குத் தீர்ப்பது நின்றது. தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த் 2.2 கோடி டாலர் கொடுத்தது. பணம் வந்ததும் பிளாக்கேட் கும்பலின் தலைமை, உள்ளே நுழைந்த தன் கூட்டாளிக்குப் பங்கு தராமல் மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டு மறைந்தது. தரவு அந்தக் கூட்டாளியிடம் இருந்தது. சில வாரங்களில் ரேன்சம்ஹப் என்ற வேறு பெயரில் அதே தரவுக்கு மீண்டும் மிரட்டல் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 19 கோடிப் பேர். அந்த ஆண்டில் நிறுவனத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 300 கோடி டாலர். அதற்குப் பக்கத்தில் பிணைத்தொகை ஒரு சதவீதம்கூட வராது.

அதே மாதம் பிரிட்டிஷ் குற்றத் தடுப்பு முகமை தலைமையில் பல நாட்டுப் போலீசார் லாக்பிட் கும்பலின் சர்வர்களைக் கைப்பற்றினார்கள். பணம் கட்டியவர்களின் தரவும் அங்கே அழிக்கப்படாமல் கிடந்தது. பள்ளிகளுக்கு மென்பொருள் தரும் பவர்ஸ்கூல் 2024 டிசம்பரில் திருட்டுக்கு ஆளாகி, பணமும் கொடுத்தது. 2025 மே மாதம் அதே தரவைக் காட்டிப் பள்ளி நிர்வாகங்களுக்கே நேரடியாக மிரட்டல் போனது. டிஜிட்டல் நகலை அழித்துவிட்டேன் என்பதற்கு எந்தச் சாட்சியமும் சாட்சியமாகாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தடைப்பட்டியலில் உள்ள கும்பலுக்குப் பணம் போனால், தெரியாமல் கொடுத்திருந்தாலும் நடவடிக்கை வரலாம் என்று அமெரிக்கக் கருவூலத் துறை 2020 அக்டோபரிலேயே எச்சரித்தது. இந்தியாவில், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள், கணினித் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. பணம் கொடுத்து அமுக்கிவிட்டால் இந்தக் கடமை தீர்ந்துபோவதில்லை. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு வைக்கத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

உலகமும் இதைப் புரிந்துகொண்டு வருகிறது. பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கும்பல்களோடு பேரம் பேசும் கோவ்வேர் நிறுவனத்தின் கணக்குப்படி, 2019 தொடக்கத்தில் அவர்களிடம் வந்தவர்களில் 85 சதவீதம் பேர் பணம் கொடுத்தார்கள். 2024 கடைசிக் காலாண்டில் அது 25 சதவீதம். பிட்காயின் போன்ற பணம் கைமாறுவதைப் பின்தொடரும் செயினாலிசிஸ், 2023இல் சுமார் 125 கோடி டாலராக இருந்த மொத்தப் பிணைத்தொகை 2024இல் 81 கோடியாகக் குறைந்தது என்கிறது. வருமானம் குறைந்தால்தான் இந்தத் தொழில் தளரும். ஒவ்வொரு மறுப்பும் அடுத்து மாட்டப்போகிற இன்னொருவருக்குச் செய்யும் உதவி.

மறுத்தவர்கள் கொடுத்த விலை

மறுப்பது மலிவு என்று சொன்னால் அது பொய். நார்வேயின் அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோ 2019 மார்ச் 19 அதிகாலை பூட்டப்பட்டது. 40 நாடுகள், 35,000 ஊழியர்கள். மூன்று மாதம் முன்பு, நம்பகமான ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்த மின்னஞ்சல் இணைப்பை ஓர் ஊழியர் திறந்ததுதான் தொடக்கம். நிறுவனம் முதல் நாளே மூன்று முடிவெடுத்தது. பணம் கிடையாது, பேக்கப்பிலிருந்து மீள்வோம், நடப்பதை உலகத்துக்கு வெளிப்படையாகச் சொல்வோம்.

கணினியை வலையமைப்பில் இணைக்காதீர்கள் என்ற அறிவிப்பைக் கதவுகளில் ஒட்டினார்கள். ஆர்டர்களைத் தாளில் எழுதி ஆலையை ஓட்டினார்கள். கணினி வருமுன் அந்த வேலையைச் செய்து பழகிய ஓய்வுபெற்றவர்கள் திரும்ப வந்து கைகொடுத்தார்கள். படிக்கும்போது எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. முழுதாக மீள மாதங்கள் ஆயின. இழப்பு சுமார் 7 கோடி டாலர். ஆனால் வாடிக்கையாளர்கள் கைவிடவில்லை, பங்குச் சந்தையும் பெரிதாகத் தண்டிக்கவில்லை. ஒளிக்காமல் பேசியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

ஹைட்ரோவால் மறுக்க முடிந்ததற்குத் துணிச்சல் மட்டும் காரணமில்லை. பேக்கப் தப்பியிருந்தது. அது தப்பாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கைப் பார்த்தால் தெரியும். நாட்பெட்யா அதன் சர்வர்களைச் சில நிமிடங்களில் நாசமாக்கியது. யார் ஊழியர், யாருக்கு எந்த அனுமதி என்று சொல்லும் அடிப்படைச் சர்வர்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய 150 இருந்தன. ஒன்று அழிந்தால் மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் எண்ணவில்லை. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் ஒன்று உயிரோடு இருந்தது. தாக்குதலின்போது அங்கே கரண்ட் போய், அது வலையமைப்பிலிருந்து விலகி நின்றிருக்கிறது! அந்த ஒரு டிஸ்க்கை நைஜீரியா வழியாக ஆள் மாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த்தான் நிறுவனத்தை மீட்டார்கள். பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். இழப்பு 25 முதல் 30 கோடி டாலர். வலையமைப்போடு ஒட்டாமல் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இதைவிட அழுத்தமாகச் சொல்லிவிட முடியாது.

இலங்கையில் இதற்கு நேர்மாறான காட்சி. 2023 ஆகஸ்ட் 26 அன்று அரசு மேகக் கணினி அமைப்பு தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசு மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய 5,000 அதில் இருந்தன. அமைப்பைப் பன்னிரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17க்குப் பிந்தைய மின்னஞ்சல்களுக்குப் பேக்கப்பே இல்லை. மூன்று மாதத்துக்கும் மேலான அரசுக் கடிதங்கள் போனவை போனவைதான். மின்னஞ்சலை நடத்திய மென்பொருளும் காலாவதியான பழைய பதிப்பு. அதைப் புதுப்பிக்கும் திட்டம் நிதியில்லாமல் தள்ளிப்போயிருந்தது.

டெல்லி எய்ம்ஸ் 2022 நவம்பர் 23 அன்று தாக்கப்பட்டபோது ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. புறநோயாளிச் சீட்டு முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வரை கையெழுத்துக்கு மாறின. நோயாளிகளின் தரவு மொத்தமாக மீண்டது, ஏனென்றால் தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. பெரும்பாலான சேவைகள் திரும்ப இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு பகுதியில் நுழைந்தவர் மற்ற பகுதிக்குத் தாவ முடியாதபடி வலையமைப்பு சரியாகப் பிரிக்கப்படாமல் இருந்ததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

பேக்கப் இருந்தும் திணறியவர்கள் உண்டு. இது பலர் கவனிக்காத இடம் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தை ரைசிடா கும்பல் தாக்கி 20 பிட்காயின் கேட்டது. பொது நிறுவனம் என்பதால் நூலகம் மறுத்தது. கும்பல் சுமார் 600 ஜிபி தரவை வெளியிட்டது. மின்னாக்கம் செய்த சேகரிப்புகளின் பிரதிகள் நூலகத்திடம் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றைத் திரும்ப ஏற்றி ஓட்டுவதற்கான சர்வர்களைத் தாக்கியவர்கள் அழித்திருந்தார்கள். பழைய மென்பொருள்கள் பல, அவற்றைத் தயாரித்தவர்களே கைவிட்டவை. புதிய சூழலில் அவை ஓடாது. நூற்பட்டியலில் தேடும் வசதி வரவே 2024 ஜனவரி ஆனது. மின்னாக்கம் செய்த கையெழுத்துப் பிரதிகளுக்கு அதைவிட அதிக காலம். தமிழ்ச் சுவடிகளையும் ஆரம்பகால அச்சு நூல்களையும் வைத்திருக்கும் நூலகம் அது. அங்கே திரை இருண்டபோது நம் ஆய்வாளர்களுக்கும் ஒரு கதவு சாத்தியது. நடந்ததையெல்லாம் நூலகம் 2024 மார்ச்சில் அறிக்கையாகவே வெளியிட்டது. ஒரு பொது நிறுவனம் தன் தவறுகளை இவ்வளவு நேர்மையாக எழுதி நான் பார்த்ததில்லை.

காப்பீடு என்ற மூன்றாம் வழி

இதை விரைவாகக் கடந்துவிடலாம். காப்பீடு பணத்தைத் தரும், நாட்களைத் தராது. இங்கிலாந்தில் 158 ஆண்டுப் பாரம்பரியம் கொண்ட கேஎன்பி என்ற லாரி நிறுவனம், ஓர் ஊழியரின் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வழியாக அகிரா கும்பலிடம் மாட்டியது. சைபர் காப்பீடு இருந்தது. ஆனாலும் தரவை மீட்க வழியில்லாமல் 2023இல் நிறுவனமே மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். பெரிய நிறுவனத்தின் கதை வேறு. 2025 ஏப்ரலில் தாக்கப்பட்ட பிரிட்டிஷ் அங்காடி நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்ட் அடி விழும் என்று கணித்தது. காப்பீட்டிலிருந்து 10 கோடி பவுண்ட் வந்தது. தாங்கும் உடம்பு உள்ளவருக்கு அது மருந்து. கையில் ஒரு மாதச் சம்பளப் பணம்கூட இல்லாத சிறு நிறுவனம் காப்பீட்டை முதல் அரணாக நம்பக் கூடாது.

கதவு எங்கே திறந்திருந்தது

மேலே சொன்ன கதைகளில் மூன்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கலோனியலில் பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் வரும் வழி), கடவுச்சொல் மட்டும் போதும், இரண்டாம் சரிபார்ப்பு கிடையாது. சேஞ்ச் ஹெல்த்கேரில் வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு நுழைவாயில், இரண்டாம் சரிபார்ப்பு கிடையாது. பிரிட்டிஷ் நூலகத்தில் வெளி ஒப்பந்தக்காரர்கள் பயன்படுத்திய ஒரு சர்வர், அங்கும் கிடையாது. 44 லட்சம் டாலர், 2.2 கோடி டாலர், ஒரு தேசிய நூலகம். நம் வங்கிக் கணக்குக்கு நாம் தினமும் போடும் ஓடிபி போன்ற ஒரு படிதான் அந்த மூன்று வாசலிலும் இல்லாமல் போனது. எனக்கு இதை எண்ணும்போதெல்லாம் ஆற்றாமை வரும்.

இரண்டாம் சரிபார்ப்பு எல்லாம் ஒரே தரம் இல்லை. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட, போனில் எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி மேல். அதைவிட மேல், யுஎஸ்பி வடிவில் வரும் பாதுகாப்புச் சாவி அல்லது கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்திலேயே இருக்கும் பாஸ்கீ, ஏனென்றால் போலித் தளத்தில் அது வேலை செய்யாது. ஆனால் தொழில்நுட்பத்தைத் தாண்டியும் ஒரு வழி இருக்கிறது. 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் சூதாட்ட விடுதி நிறுவனமான எம்ஜிஎம்மில் நுழைந்தவர்கள் ஊழியர் போலப் பேசி, கணினி உதவி மையத்தை ஏமாற்றினார்கள். பாஸ்வேர்டு மாற்றித் தரச் சொல்லிப் போன் வந்தால், வைத்துவிட்டு நம்மிடம் உள்ள எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதிசெய்ய வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

அடுத்தது கண்காணிப்பு. அயர்லாந்தில் ஓர் ஊழியர் அந்த எக்செல் ஃபைலைத் திறந்தது மார்ச் 18. பூட்டு விழுந்தது மே 14. எட்டு வாரம்! அந்த இடைவெளியில் ஆன்டிவைரஸ் எச்சரித்திருக்கிறது. ஆனால் அது தடுக்காமல் கவனிக்க மட்டும் அமைக்கப்பட்டிருந்தது, வந்த எச்சரிக்கையைப் பின்தொடரவும் ஆள் இல்லை. கண்காணிப்பு மென்பொருள் வாங்குவதற்கு முன் அதன் திரையை இரவு இரண்டு மணிக்கு யார் பார்ப்பார்கள் என்று கேட்க வேண்டும். 20 பேர் வேலை செய்யும் இடத்தில் அதற்குத் தனி ஆள் வைக்க முடியாது. மாதக் கட்டணத்துக்கு 24 மணி நேரமும் பார்த்துத் தரும் சேவையை எடுப்பதுதான் நடக்கிற காரியம்.

நம் கதவு பூட்டியிருந்தும் மென்பொருள் தருபவர் வழியாகத் திருடன் வரலாம். 2021 ஜூலையில் கசேயா என்ற நிர்வாக மென்பொருள் வழியாக 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டன. ஸ்வீடனில் கூப் என்ற அங்காடிக் குழுமம் 800 கடைகளை மூடியது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டபோது, இந்தியாவின் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிவர்த்தனை பொது வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. கூட்டுறவு வங்கியையும் கிராம வங்கியையும் நம்பி வாழ்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! வெளி நிறுவனத்துக்குக் கொடுக்கும் அணுகலை, வேலை இருக்கும் நேரத்துக்கு மட்டும் திறந்து, முடிந்ததும் மூடுவதுதான் இதற்கு நான் அறிந்த நல்ல வழி.

என் தேர்வு

ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் பேக்கப்பைச் சொல்வேன். வழக்கமான விதி, மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இன்றைய தாக்குதலுக்கு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஒரு பிரதியாவது நம் நிர்வாகி பாஸ்வேர்டு போட்டாலும் அழிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும். கழற்றி வைத்த டிஸ்க் அப்படிப்பட்டது. குறிப்பிட்ட நாள்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் மேகச் சேமிப்பும் அப்படிப்பட்டது. கூகுள் டிரைவுடன் தானாக ஒத்திசைந்துகொண்டிருக்கும் ஃபோல்டரை மட்டும் பேக்கப் என்று நம்பாதீர்கள். கணினியில் பூட்டப்பட்ட ஃபைல் சில நிமிடத்தில் அங்கும் போய்ச் சேரும்.

இரண்டாவது செலவு, வெளியிலிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டாம் சரிபார்ப்பு. இது பேக்கப்பைவிட மலிவு, பல இடங்களில் இலவசம். ஆகவே உண்மையில் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிடலாம். மூன்றாவது, அப்டேட்டும் வலையமைப்பைப் பிரிப்பதும். நான்காவது, கண்காணிப்புச் சேவை. காப்பீடு கடைசி. மருத்துவமனையாக இருந்தால் கண்காணிப்பை மூன்றாம் இடத்துக்கு ஏற்றுவேன், ஏனென்றால் அங்கே ஒரு நாள் முடக்கம் என்பது கணக்குப் புத்தகத்தில் எழுதும் இழப்பு இல்லை.

பேக்கப் திருட்டுக்கு மருந்தாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தரவு வெளியே போய்விட்டால் போனதுதான். அதற்கு ஒரே தற்காப்பு, வைத்திருக்கும் தரவைக் குறைப்பது. பத்து வருடம் முன்பு வேலையை விட்டவரின் ஆதார் நகல் உங்கள் சர்வரில் எதற்கு இருக்கிறது? அழித்துவிட்டால் திருட அங்கே ஒன்றும் இருக்காது.

பேக்கப் எதுவுமே இல்லாமல், உள்ளே நோயாளிகள் உயிருக்குப் போராடும் ஒரு மருத்துவமனை சாவிக்குப் பணம் கொடுத்தால் நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அப்போதும் முதலில் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவியுங்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் செய்யுங்கள். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பும் நெதர்லாந்து போலீசும் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் அந்த ரகப் பூட்டுக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டப்பட்ட டிஸ்க்குகளைத் துடைத்துவிடாமல் எடுத்து வையுங்கள், பின்னாளில் சாவி வெளிவரலாம். வாக்குக்கு மட்டும் எந்த நிலையிலும் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

அந்த நூல் வியாபாரி பணம் கொடுக்கவில்லை. நான் தடுத்ததால் மட்டுமல்ல. ஆடிட்டர் அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு முடித்தபோது எடுத்த டேலி பிரதி ஒன்று பென்டிரைவில் இருந்தது. அது கிடைத்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து ஏழு மாதப் பில்களைத் தாளிலிருந்து திரும்பப் பதிவுசெய்ய, அவர் மகளும் இரண்டு கணக்கர்களும் பத்தொன்பது நாள் உட்கார்ந்தார்கள். இப்போது இரண்டு டிஸ்க்குகள் மாறி மாறி ஓடுகின்றன. சர்வரில் மாட்டாத டிஸ்க் அவர் வீட்டு பீரோவில் இருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு பழைய கணினியில் முழுக் கணக்கையும் திரும்ப ஏற்றிப் பார்க்கிறார்கள். முதல் தடவை டிஸ்க் திறக்கவே இல்லை, கேபிள் பழுது. போன மாதம் ஐந்து மணி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அதை நான்கு மணிக்குள் கொண்டுவர வேண்டும் என்று அந்தப் பெண் ஒரு நோட்டில் நேரம் எழுதிக்கொண்டு வருகிறாள்.